தாடைத் திருத்த அறுவைச் சிகிச்சையின் வரலாறு

தாடைத் திருத்த அறுவைச் சிகிச்சை என்பது மேல்தாடை, கீழ்த்தாடை அல்லது இரண்டின் எலும்பையும் வெட்டி நகர்த்தி, முகத்தில் உரிய இடத்தில் பொருத்தும் சிகிச்சை ஆகும். பெரும்பாலும் உடல் வளர்ச்சி முடிந்தவர்களுக்கே இது செய்யப்படுகிறது. அறுவை அரங்கில் கழிவது சில மணி நேரமே. அதற்கு முன் பற்களில் கம்பி கட்டி ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையிலும், அதன் பின் ஏறத்தாழ ஆறு மாதமும் பற்சீரமைப்பு நடைபெறுவது வழக்கம். தாடை எலும்பை வெட்டி நகர்த்த முடியும் என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே செய்து காட்டப்பட்டது. வெட்டுவதற்கு முன் என்னென்ன செய்தாக வேண்டும் என்பது தெளிவாவதற்கு அதன் பின் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இச்சிகிச்சையின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த முன்னேற்பாட்டின் வரலாறே.

பல்லும் தாடையும்

பல் நகர்வதற்கு வயது தடையில்லை. வேரின் ஒரு பக்கத்தில் மெல்லிய அழுத்தம் தொடர்ந்து இருந்தால் அப்பக்கத்து எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு படிகிறது. பதினைந்து வயதிலும் ஐம்பது வயதிலும் இது நடக்கும், வேகத்தில்தான் வேறுபாடு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், பால்பல் விழுவதற்கு முன்பே முளைத்துவிட்ட பல்லை, பால்பல்லைப் பிடுங்கிவிட்டு விரலால் நாள்தோறும் தள்ளி இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று எழுதினார். பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், பற்களை நூலால் உலோகப் பட்டையோடு கட்டி வரிசைப்படுத்தும் முறையை விளக்கியிருக்கிறார்.

தாடையின் கதை வேறு. கீழ்த்தாடை மிகையாக வளர்ந்திருந்தாலோ, மேல்தாடை போதிய அளவு வளராமல் நின்றுவிட்டாலோ, பற்களை எவ்வளவு நகர்த்தினாலும் அவை உட்கார்ந்திருக்கும் எலும்பு நகராது. சிறுவயதில் வளர்ச்சியின் திசையை ஓரளவு மாற்றலாம். வளர்ச்சி நின்றபின் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இதற்கு வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட சான்று ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் (1500–1558) முதல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் (1661–1700) வரை பலருடைய ஓவியங்களில் முன்துருத்திய கீழ்த்தாடையும் தடித்த கீழுதடும் தெரிகின்றன. நெருங்கிய உறவுக்குள்ளேயே திருமணம் செய்துகொண்ட குடும்பம் அது. அரண்மனை ஓவியர்கள் மன்னரைக் கூடியவரை அழகாக்கியே வரைவார்கள் என்பதை நினைத்தால், உண்மையில் தாடை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அக்காலத்தில் பேரரசையே ஆண்டவருக்கும் உணவை ஒழுங்காக மென்று தின்ன வழியில்லை. தாடியை வளர்த்து மறைப்பது ஒன்றே செய்யக்கூடியதாக இருந்தது.

வீலிங் நகரின் வெள்ளித் தகடு

தாடைத் திருத்த அறுவையின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் (1810–1857) செய்த சிகிச்சை. அன்று வர்ஜீனியாவில் இருந்த இந்நகரம் இன்று மேற்கு வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்தது. இச்சிகிச்சை குறித்த அவருடைய கட்டுரை 1849இல் அமெரிக்கப் பல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

சிகிச்சைக்கு வந்தவர் சுமார் இருபது வயதுப் பெண். சிறுமியாக இருந்தபோது நெருப்பில் வெந்து, கழுத்திலும் மார்பிலும் ஆழமான தழும்பு ஏற்பட்டிருந்தது. தழும்பு சுருங்கச் சுருங்கத் தலை முன்னோக்கிக் கீழே இழுபட்டது. வளரும் வயது முழுவதும் அந்த இழுவையிலேயே கழிந்ததால் கீழ்த்தாடையின் முன்பகுதி நீண்டு வெளியே தள்ளிவிட்டது. கீழுதடு வெளிப்புறமாகப் பிரண்டு, வாயை மூட முடியாத நிலை.

ஹல்லிஹென் முதலில் தழும்பைத் தொடவில்லை. வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடையின் முன்பகுதியில் இருபுறமும் ஆப்பு வடிவில் எலும்பை வெட்டி எடுத்து, முன்பற்கள் இருந்த துண்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். பிறகு மெழுகில் அச்செடுத்து, அதைக் கொண்டு வெள்ளித் தகடு ஒன்றைச் செய்து, பற்களின் மேலும் ஈறின் மேலும் பொருத்தி, எலும்பு கூடும்வரை அசையாமல் நிறுத்தினார். தாடை சேர்ந்தபின்பே கழுத்துத் தழும்பை வெட்டித் தளர்த்தியதும், கடைசியாக உதட்டைச் சீர்செய்ததும் நடந்தன.

இந்த வரிசைதான் கவனிக்கத்தக்கது. மூன்று அறுவைகளில் எது முன், எது பின் என்று அவர் திட்டமிட்டிருந்தார். பற்களையே அளவுகோலாகவும் பிடிமானமாகவும் கொண்டார். மருத்துவம், பல் மருத்துவம் இரண்டையும் அறிந்த ஒருவரால்தான் அப்போது இதைச் செய்திருக்க முடியும். அவருக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்க எதுவும் நடக்கவில்லை.

செயிண்ட் லூயிஸ்: சேர்ந்ததும் பிரிந்ததும்

அடுத்த அடி 1897இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. கீழ்த்தாடை துருத்திய மருத்துவ மாணவர் ஒருவருக்கு, தாடையின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு துண்டு எலும்பை நீக்கிப் பின்னுக்குக் கொண்டுவந்தார் அறுவை மருத்துவர் வில்ரே பிளேர். 'செயிண்ட் லூயிஸ் அறுவை' என்ற பெயர் இதற்கு நிலைத்தது. 1898இல் இதைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவர் அதே நகரத்தில் இருந்த எட்வர்ட் ஆங்கிள் (1855–1930).

நவீனப் பற்சீரமைப்பின் தந்தை என்று ஆங்கிளைச் சொல்வதுண்டு. மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் பொருந்தும் விதத்தை வைத்து 1899இல் அவர் வகுத்த மூன்று வகைப்பாடு இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. பொருத்தம் சரியாக இருந்து வரிசை மட்டும் பிசகியிருப்பது முதல் வகை. கீழ்வரிசை பின்தங்கியிருப்பது இரண்டாம் வகை. கீழ்வரிசை முந்தியிருப்பது மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் முற்றிய நிலைக்கு அறுவையே வழி என்பதை அவர் ஏற்றார். பிளேரும் 1907இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய நோயாளிக்குப் பற்சீரமைப்பு மருத்துவரின் துணை எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று வற்புறுத்தினார்.

இருவரும் சொன்னதைத் துறை கேட்டிருந்தால் இந்த வரலாறு அரை நூற்றாண்டு சுருங்கியிருக்கலாம். நடந்தது அதுவல்ல. பற்சீரமைப்பைத் தனித்துறையாக நிறுவுவதில் ஆங்கிள் முழுமூச்சாக இறங்கினார். 1900இல் தனிப்பள்ளி தொடங்கினார். பற்கள் அனைத்தையும் பிடுங்காமல் வரிசைப்படுத்தினால் முகமும் தானே சீராகும் என்ற அவருடைய கொள்கையை மாணவர்கள் வேதவாக்காகக் கொண்டார்கள். பற்சீரமைப்பு சிறுவர்களுக்கான மருத்துவமாக வளர்ந்தது. தாடை அறுவை மருத்துவமனைக்குள் தனியே சென்றது. தாடைக் குறையுள்ள வளர்ந்தவர் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டார்.

கன்னத்தின் வழியே

இக்காலத்தில் அறுவை மருத்துவர்கள் கையாண்ட முறைகள் பலவும் வெளியிலிருந்து, அதாவது கன்னத்தையோ தாடையின் கீழ்த்தோலையோ கிழித்துச் செய்யப்பட்டவை. காதுக்குக் கீழே தாடை மேல்நோக்கி எழும் பகுதியைக் குறுக்கே அறுப்பது ஒரு வழி. 1930களில் பிராகா நகரில் கோஸ்டெச்கா கையாண்ட முறையில், தோலில் சிறு துளையிட்டு, ஊசியின் உதவியால் கம்பி ரம்பத்தை எலும்பைச் சுற்றிச் செலுத்தி, கண்ணால் பார்க்காமலேயே அறுப்பார்கள்.

இம்முறைகளுக்குப் பொதுவான குறைகள் இருந்தன. முகத்தில் தழும்பு நிற்கும். முகத்தசைகளை இயக்கும் நரம்பு அறுபடக்கூடும். வெட்டிய இரு முனைகளும் மிகச் சிறிய பரப்பிலேயே ஒன்றையொன்று தொட்டதால் எலும்பு கூட நாளாகும், சில வேளை கூடாமலே போகும். மெல்லும் தசைகள் மேல்துண்டை ஒரு பக்கமும், வாயடித் தசைகள் கீழ்த்துண்டை மறுபக்கமும் இழுத்து, சில மாதங்களில் முன்பற்களுக்கிடையே புதிய இடைவெளியை உண்டாக்கிவிடும். பென்சிலின் வரும்வரை தொற்று பற்றிய அச்சமும் இருந்தது.

மேல்தாடையில் நுழைய இன்னும் அதிகத் தயக்கம். பிரான்சின் லீல் நகரில் ரெனே லெ ஃபோர், சடலங்களின் முகத்தில் பலவிதமாக அடித்து, எலும்பு எந்தெந்தக் கோட்டில் முறிகிறது என்று ஆராய்ந்து 1901இல் வெளியிட்டார். முகம் மூன்று கோடுகளில் முறிய விரும்புகிறது என்பது அவர் கண்டது. பற்களுக்கு மேலே, மூக்கின் அடியை ஒட்டிக் கிடையாக ஓடும் கோடு முதலாவது. விபத்துக் காயத்துக்காகக் கண்ட இந்தக் கோடே பிற்காலத்தில் மேல்தாடையை வேண்டுமென்றே வெட்டும் கோடாயிற்று. பெர்லினில் மார்ட்டின் வாஸ்முண்ட் 1927இல் அவ்வழியே வெட்டினார். ஆனால் தாடையை முழுதாக விடுவிக்கத் துணியாமல், அறுவைக்குப் பின் ரப்பர் இழுவையால் மெல்ல இறக்கினார். 1934இல் ஆக்ஸ்ஹவுசன் முழுதாக விடுவித்தார். மேல்தாடைக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது, வெட்டியபின் அது உயிரோடு இருக்குமா என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் உறுதியான விடை இல்லை.

இரு உலகப் போர்களும் முகம் சிதைந்த வீரர்களை ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அனுப்பின. அறுவை மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யப் பழகியது பெரிதும் அங்கேதான். 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட ஹெரால்ட் கில்லீஸின் மருத்துவமனை அதற்குப் பேர்பெற்றது.

எலும்பைப் பிளக்கும் முறை

துறையின் போக்கை மாற்றியவர் ஆஸ்திரியாவில் பிறந்த ஹ்யூகோ ஓப்வேகெசர் (1920–2017). கிராட்ஸ் நகரில் ரிச்சர்ட் டிரவுனரிடம் பயின்ற இவர், பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் பணியாற்றினார். தாடையின் எழும்பகுதியைக் குறுக்கே அறுக்காமல், பலகையை இரு தகடுகளாகப் பிளப்பது போல உட்பக்கம், வெளிப்பக்கம் என்று நீளவாக்கில் பிளக்கலாம் என்பது இவர் வகுத்த முறை. இரண்டு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். தாடையை முன்னே கொண்டுவந்தாலும் பின்னே தள்ளினாலும் இரு பரப்புகளும் அகலமாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். எலும்பு எளிதில் கூடும். முழு வேலையும் வாய்க்குள் நடப்பதால் முகத்தில் தழும்பே இல்லை. 1955இல் ஜெர்மன் மொழியிலும், 1957இல் டிரவுனருடன் சேர்ந்து ஆங்கிலத்திலும் இது வெளியானது. 1961இல் தால் பொன் வெட்டுக்கோட்டை முன்னோக்கி நீட்டி, தொடும் பரப்பை மேலும் அகலப்படுத்தினார்.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அந்த எலும்பின் உள்ளேயே ஓடுகிறது. பிளக்கும்போது அது இழுபடும், நசுங்கும். அறுவைக்குப் பின் பலருக்கும் கீழுதடு மரத்துப்போகிறது. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்புகிறது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை, வயது கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. எழுபது ஆண்டு மாற்றங்களுக்குப் பின்னும் இது முற்றாகத் தீரவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் நோயாளி மிகக் கவனமாகக் கேட்டறிய வேண்டிய செய்தி இதுவே.

1966இல் அப்போது வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவ மையத்தில் ஓப்வேகெசர் ஆற்றிய உரைகள் அமெரிக்க மருத்துவர்களைத் திகைக்க வைத்தன. அங்கே பலர் இன்னும் வெளியிலிருந்தே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மேல்தாடையையும் முழுதாக விடுவித்து நகர்த்தினார். மேல், கீழ்த் தாடைகள் இரண்டையும் ஒரே அமர்வில் நகர்த்தியதை 1970இல் வெளியிட்டார்.

மேல்தாடை உயிர்பிழைப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை தந்தவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பெல். 1960களின் இறுதியிலிருந்து ரீசஸ் குரங்குகளில் தாடையை வெட்டி, இரத்த நாளங்கள் மீண்டும் பரவுவதைப் படிப்படியாக ஆராய்ந்தார். அண்ணத்திலும் ஈறிலும் உள்ள மென்சதை ஒட்டியிருந்தால் போதும், அதன் வழியே வரும் இரத்தம் எலும்பைக் காப்பாற்றும் என்பது உறுதியானது. 1975இல் வெளியான அவருடைய கட்டுரைக்குப் பின் மேல்தாடை அறுவை துணிச்சலான சிலரின் வித்தையாக இல்லாமல், பயிற்சி பெற்ற எவரும் செய்யும் சிகிச்சையாக மாறியது.

மோசமாக்கிவிட்டுச் சரிசெய்வது

வெட்டும் முறை கைக்கு வந்தபின் பழைய பிரிவினையின் விளைவு வெளிப்பட்டது. தாடையை எங்கு வேண்டுமானாலும் நகர்த்த முடிந்தும், பற்கள் விடவில்லை.

காரணம் இயற்கையின் ஈடுகட்டல். கீழ்த்தாடை முந்தியிருப்பவரின் வாயில், உதடும் நாக்கும் தரும் அழுத்தத்தால் கீழ் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. மேல் முன்பற்கள் வெளிநோக்கிச் சாய்கின்றன. இரண்டும் எப்படியாவது ஒன்றையொன்று தொட முயல்கின்றன. அதனால் எலும்பில் 10 மில்லிமீட்டர் பிசகு இருந்தாலும் பற்களுக்கிடையே 4 மில்லிமீட்டர்தான் தெரியக்கூடும். இந்நிலையில் தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் 4 மில்லிமீட்டரிலேயே பற்கள் முட்டிக்கொள்ளும். மீதி 6 மில்லிமீட்டர் முகத்தில் அப்படியே இருக்கும்.

எனவே அறுவைக்கு முன் ஈடுகட்டலை அவிழ்க்க வேண்டும். உள்நோக்கிச் சாய்ந்த பல்லை நிமிர்த்தி, வெளிநோக்கிச் சாய்ந்ததை உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொரு பல்லையும் தன் எலும்பின் மேல் நேராக நிறுத்த வேண்டும். அப்போது தொட்டுக்கொண்டிருந்த பற்களும் விலகும், துருத்தல் முன்னிலும் அதிகமாகத் தெரியும். கடிப்பதும் மெல்லுவதும் கடினமாகும். ஒன்றரை ஆண்டு கம்பி கட்டியபின் முகம் மோசமாகிவிட்டதே என்று நோயாளி கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். கண்ணாடியில் அவர் காண்பது புதிய குறையன்று, பற்கள் அதுவரை மறைத்துவந்த பழைய குறையே. இதை முதல் நாளிலேயே விளக்காத மருத்துவர் பாதிவழியில் நோயாளியை இழக்க நேரிடும்.

முன்சீரமைப்பு, அறுவை, பின்சீரமைப்பு என்ற இந்த மூன்று கட்ட வரிசை 1970களில்தான் பொதுவழக்காயிற்று. அதுவரை பலர் கம்பி கட்டாமலே வெட்டினார்கள், அல்லது சீரமைப்பை முடித்துக் கம்பியைக் கழற்றியபின் வெட்டினார்கள்.

வேறு சில கண்டுபிடிப்புகளும் அந்நேரத்தில் வந்து சேர்ந்தன. 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வகுத்த அளவுமுறை, தலையை ஒரே நிலையில் நிறுத்தி எடுத்த பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் கோணங்களை அளக்க வைத்தது; பிசகு பல்லிலா எலும்பிலா என்பதை அதைக் கொண்டே பிரித்தறிய முடிந்தது. மைக்கேல் புவனகோர் 1955இல், அமிலத்தால் பல்லின் மேற்பூச்சைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாக ஒட்டும் என்று காட்டினார். அதன் பயனாக, ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டும் தேவை நாளடைவில் நீங்கி, சிறு பிடிகளைப் பல்லின் முகத்தில் ஒட்டும் வழக்கம் வந்தது. வாய் நிறைய உலோகத்தோடு அலுவலகம் செல்லத் தயங்கிய வளர்ந்தவர்கள் சிகிச்சைக்கு வரத் தொடங்கியதில் இதற்குப் பங்குண்டு.

மூடிய வாய்

அறுவைக்குப் பிந்திய வாரங்கள் ஒருகாலத்தில் நோயாளிக்குப் பெருஞ்சோதனை. வெட்டிய எலும்பைக் கம்பியால் தைத்து, மேல்வரிசைப் பற்களைக் கீழ்வரிசையோடு சேர்த்துக் கட்டி, ஆறு முதல் எட்டு வாரம் வாயைத் திறக்கவிடாமல் வைப்பார்கள். பல்லிடுக்கின் வழியே உறிஞ்சக்கூடிய நீராகாரமே உணவு. வாந்தி வந்தால் மூச்சடைக்காமல் உடனே கட்டை அறுப்பதற்குக் கம்பி வெட்டும் குறடு எப்போதும் கட்டிலருகில் இருக்கும். அறுவைக்கு முன்பே உடல் எடையைக் கூட்டிக்கொள்ளச் சொன்ன காலம் அது.

1974இல் ஷ்பீஸ்ல் கீழ்த்தாடையைத் திருகுகளால் இணைத்துக் காட்டினார். பிரான்சில் மிஷலே, ஷாம்பி ஆகியோரின் பணியால் சிறு உலோகத் தகடுகளும் வழக்கத்துக்கு வந்தன. இன்று டைட்டானியத் தகடும் திருகும் எலும்பைப் பிடித்துக்கொள்வதால் வாயை இறுகக் கட்டும் தேவை பெரும்பாலும் இல்லை. மெல்லிய ரப்பர் வளையங்கள் போதும். சில வாரங்கள் மெல்லாத உணவு மட்டும் அப்படியே நீடிக்கிறது.

இன்றைய முன்னேற்பாடு

இப்போதைய வழக்கில், முதலில் வளர்ச்சி நின்றுவிட்டதா என்று பார்க்கப்படுகிறது. கீழ்த்தாடை துருத்திய ஆண்களுக்கு வளர்ச்சி இருபது வயதையொட்டியும் தொடரலாம் என்பதால் அவசரப்பட்டு வெட்டினால் மீண்டும் துருத்தும். பிளக்கும் கோட்டில் ஞானப்பல் இருந்தால் அறுவைக்குச் சுமார் ஆறு மாதம் முன்பே அதைப் பிடுங்கி, குழி எலும்பால் நிறைய விடும் மருத்துவர்கள் பலர். சொத்தை, ஈறுநோய் இருந்தால் கம்பி கட்டுவதற்கு முன் அவற்றைச் சரிசெய்தாக வேண்டும். வளர்ந்தவர்களிடம் இவை அதிகம். புகைப்பவர் நிறுத்த வேண்டும், ஏனெனில் அது எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

நோக்கங்களும் விரிந்துள்ளன. உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் நோய்க்கு, இரு தாடைகளையும் முன்னே கொண்டுவந்து மூச்சுப்பாதையை அகலப்படுத்தும் முறை 1980களில் அமெரிக்காவில் வளர்ந்தது. மறுபுறம் தென்கொரியாவில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், கடிப்பதில் குறையே இல்லாதவர்களும் ஒல்லியான முகத்துக்காக இரு தாடைகளையும் வெட்டிக்கொள்ளும் மோகம் பரவி, பக்கவிளைவுகள் பற்றிய கடும் விவாதத்தைக் கிளப்பியது. நரம்பும் மூச்சும் சம்பந்தப்பட்ட அறுவையை முடிதிருத்தம் போல விளம்பரம் செய்ததன் விளைவு அது.

மூன்று கட்ட வரிசையும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2009இல் ஜப்பானிய மருத்துவர்கள், முன்சீரமைப்பே இல்லாமல் முதலில் தாடையை நகர்த்தி, பிறகு பற்களை வரிசைப்படுத்திய சிகிச்சையை வெளியிட்டார்கள். முகம் மோசமாகும் அந்த நடுக்காலம் இதில் இல்லை. மொத்தக் காலமும் குறைகிறது. ஆனால் பற்கள் பிற்பாடு எங்கே வந்து நிற்கும் என்பதை அறுவைக்கு முன்பே கணித்தாக வேண்டும். கணிப்பு தவறினால் திருத்த இடமில்லை என்பதால் எல்லா நோயாளிகளுக்கும் இது ஏற்றதன்று.

அந்தக் கணிப்பு இப்போது பெரும்பாலும் கணினியில் நடக்கிறது. முன்பு பிளாஸ்டர் அச்சுகளை ரம்பத்தால் அறுத்து, மெழுகால் ஒட்டிப் பார்த்து, புதிய பொருத்தத்துக்கேற்ப அக்ரிலிக் வில்லை ஒன்றைக் கையால் செய்வார்கள். இப்போது முப்பரிமாண ஸ்கேன் படத்தில் தாடையை வெட்டி நகர்த்திப் பார்த்தபின் அவ்வில்லை அச்சுப்பொறியில் வார்க்கப்படுகிறது. அறுவை நாளில் அதைப் பற்களுக்கிடையே வைத்து, கம்பியில் முன்பே பொருத்திய சிறு கொக்கிகளால் இரு வரிசைகளையும் தற்காலிகமாக இறுக்கிய பிறகே மருத்துவர் திருகை முடுக்குகிறார்.